சும்மா கொடுத்த டை பின்

என் கடையின் பெயரை நான் இனிமேல் பயன்படுத்தக் கூடாது என்று எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளுக்குள் போர்டை இறக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் கோர்ட்டுக்கு இழுப்பார்களாம். புனே கட்கி பஜாரில் ஐம்பது வருஷமாக அந்தப் போர்டுக்குக் கீழே நின்று துணி கிழித்த குடும்பம் எங்களுடையது. நோட்டீஸைக் கொண்டுவந்த தபால்காரனே அந்தப் போர்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். உறையின் மேல் விலாசத்திலும் அதே பெயர்தான். பெயர் உன்னுடையது இல்லை என்று சொல்வதற்கு அந்தப் பெயருக்கே தபால் போடுகிற துணிச்சல் இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பெயர், சாயர் அண்ட் சன்ஸ். கேட்டால் வெள்ளைக்காரன் கடை மாதிரி இருக்கும். இருக்க வேண்டும் என்றுதான் அப்பா வைத்தார். அவர் பெயர் ஜெபமணி. ஊர் தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரம். 1974இல் கடை போடும்போது, ஜெபமணி என்ற போர்டைப் பார்த்து எந்த ராணுவ ஆபீசர் கோட்டுத் துணி வாங்க வருவான் என்று யோசித்திருக்கிறார். ஊர்ப் பெயரில் பாதியைக் கத்தரித்தார். சன்ஸ் என்று சேர்த்தபோது மகன் என்று இருந்தது நான் ஒருவன், அதுவும் ஆறு வயது. வந்தவர்கள் சாயர் துரை இருக்கிறாரா என்று கேட்பார்களாம். லண்டன் போயிருக்கிறார், அவர் வருகிறபோது வரட்டும், நீங்கள் துணியைப் பாருங்கள் என்பாராம் அப்பா.

அந்த சாயர் துரையை ஐம்பது வருஷம் கழித்து ஒருத்தன் லண்டனிலிருந்து இறக்கிவிட்டான். நோட்டீஸ் அனுப்பியவனும் அவன்தான், பெயர் சந்துரு. கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஆண்களுக்கான பழங்கால அலங்காரப் பொருள் விற்கிறான். கோந்த்வாவில் ஃப்ளாட், கோரேகாவ் பார்க்கில் கண்ணாடி போட்ட கடை. அவனுடைய வெப்சைட்டை என் மனைவி ஜான்சி போனில் எடுத்துக் காட்டினாள். எட்வர்ட் சாயர் என்று ஒரு துரை 1911இல் கப்பலேறி வந்தாராம், புனாவில் மகாராஜாக்களுக்குத் துணி கொடுத்தாராம், பிறகு அவருடைய வாரிசுகள் 1974இல் கடையைப் புதுப்பித்தார்களாம். மீசை வைத்த ஒரு மனிதரின் படம் வேறு. யார் பெற்ற பிள்ளையோ. கீழே கறுப்பு வெல்வெட் மேல் ஒரு டை பின். தங்க முலாம், கிரீடம் மாதிரி ஒரு முத்திரை, அதன்கீழ் பொடி எழுத்தில் சாயர் அண்ட் சன்ஸ், கிர்க்கி, 1974. கிர்க்கி என்பது வெள்ளைக்காரன் வாயில் கட்கி. விலை மூவாயிரத்து எண்ணூறு.

அந்த டை பின்னை எங்கள் அப்பா டஜன் கணக்கில் மும்பையில் அடித்து வாங்கி, கல்யாணக் கோட்டுக்குத் துணி எடுக்கிற மாப்பிள்ளைகளுக்கு சும்மா கொடுத்தார். சும்மா என்றால் சும்மா.

அவன் கைக்கு அது எப்படிப் போயிற்று என்பதைச் சொன்னால் எனக்கு இப்போதும் ரத்தம் ஏறுகிறது. ஆனால் சொல்லாமல் கதை நகராது.

கொரோனா முடிந்து கடை திறந்திருந்த சமயம். சந்துரு வந்தான். மராத்தியில் ஆரம்பித்தவன், நான் உள்ளே திரும்பி ஜான்சியிடம் பேசியதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். பழைய டெரிவூல் கோட்டுத் துணி இருக்கிறதா என்றான். தான் என்றால் முழுத் துணிச் சுருள், அப்படிப் பதினோரு தான் இருந்தது, பூச்சி தொடாதது. நான் ஒரு விலை சொன்னேன். அவன் ஒன்று சொன்னான். டீ வந்தது. நான் இறங்குகிற மாதிரி இறங்கினேன், அவன் ஏறுகிற மாதிரி ஏறினான். நடுவில் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் நின்றுவிட்டது.

எங்கள் தொழிலில் விலையை இறக்குவது தோல்வி. விலையில் நின்றுகொண்டு ஒரு பொருளைத் தூக்கி மேலே போட்டு, எடுத்துக்கொண்டு போ என்று சொல்வதுதான் வெற்றி. அந்தப் பொருள் நமக்கு வேண்டாததாக இருந்தால் இன்னும் பெரிய வெற்றி. நான் சுற்றிப் பார்த்தேன். அலமாரிக்கு மேலே தகரப் பெட்டி. அதில் முந்நூற்று நாற்பது டை பின். டை கட்டி கல்யாணம் செய்கிறவர்கள் ரெடிமேட் கடைக்குப் போய் வருஷம் பதினைந்தாகிவிட்டது. பெட்டியை இறக்கித் தானுக்கு மேலே வைத்து, இதையும் கொண்டு போ தம்பி, நம்ம ஊர்ப் பையன் என்றேன். அவன் மூடியைத் திறந்தான், பார்த்தான், மூடினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உடனே நான் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டான். முகத்தில் ஒன்றும் காட்டாதவனைப் பார்த்தால் வியாபாரி உஷாராக வேண்டும். நான் அன்று மத்தியானம் சாப்பிடும்போது ஜான்சியிடம் பெருமையடித்தேன். பழைய தகரத்தைக் கொடுத்து இரண்டாயிரம் சம்பாதித்தேன் என்று.

நோட்டீஸைப் படித்துவிட்டு நான் அந்தப் பையனையும் அவன் பரம்பரையையும் எட்வர்ட் சாயரையும் சேர்த்து வைது தீர்த்தபோது, ஜான்சி கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

“யாரைப் போய் வையுதீங்க? நீங்கதான தூக்கிக் குடுத்தீங்க. அவன் கேக்கக்கூட இல்லையே.”

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் வாயிலிருந்து உண்மை வந்தால் அதற்கு மருந்தே கிடையாது.

நான் பிடித்த வக்கீல் வைஜயந்தி, கேம்ப் பகுதியில் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறாள். சென்னைப் பெண். நிதானமானவள். அந்தப் பையன் பெயரைப் பதிவு செய்துகொண்டான், முந்நூறு டை பின்னைக் காட்டி 1974லிருந்து எங்கள் பெயர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான், ஆனால் உண்மையில் முதலில் பயன்படுத்தியது நீங்கள் என்று காட்டினால் போதும் என்றாள். பழைய பில் புத்தகம் கொடுங்கள் என்றாள். இல்லை. அப்பா பெயர் போட்டு பில் கொடுத்ததே கிடையாது. பெயர் போட்ட பில் ஒன்று வெளியே போனால் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு விற்பனை வரி ஆபீசர் உள்ளே வருவான் என்பது அவர் சித்தாந்தம். துண்டுச் சீட்டில் மீட்டரும் ரூபாயும்தான். லைசென்ஸ்? எஸ். ஜெபமணி, துணி வியாபாரம், அவ்வளவுதான். பழைய போர்டு? அதன் மேலேயே மூன்று முறை பெயின்ட் அடித்து, கடைசியில் ஃப்ளெக்ஸ் மாட்டியாயிற்று. கடையின் போட்டோ? போட்டோவில் சரக்கு தெரியும், சரக்கு தெரிந்தால் மறுபடியும் அதே ஆபீசர்.

“அப்போ இந்தப் பேர் அம்பது வருஷமா எங்கேதான் சார் இருந்தது?”

“போர்டுல. அப்புறம் டை பின்னுல.”

“டை பின் எங்கே?”

நான் நோட்டீஸை அவள் பக்கம் தள்ளினேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

உங்கள் வீட்டில் ஒன்றாவது இருக்காதா என்றாள். இருக்காது. கடையில் கொடுக்கிற இனாமை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். கொடுக்கிறவனே மாட்டிக்கொண்டு நின்றால் வாங்குகிறவன் கண்ணுக்கு அது மலிவாகிவிடுமாம். என் கல்யாணத்துக்கே எனக்கு ஒன்று தரவில்லை. சர்ச் வாசலில் எடுத்த படத்தில் என் டை காற்றில் எழும்பி என் வாயை மறைத்துக்கொண்டிருக்கிறது. ஊரில் இரண்டாயிரம் பேருக்கு அடங்கியிருந்த டை, அந்தக் கடை முதலாளி மகனுக்கு மட்டும் அடங்கவில்லை.

அப்படியானால் ஒரு பழைய வாடிக்கையாளரைப் பிடியுங்கள் என்றாள் வைஜயந்தி. கையில் டை பின் இருக்க வேண்டும். இன்ன தேதியில் இன்ன கடையில் ஜெபமணி கையால் வாங்கினேன் என்று சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தேதி தெரிகிற மாதிரி கூட ஏதாவது இருந்தால் நல்லது. பன்னிரண்டு நாள் இருக்கிறது.

வாடிக்கையாளரை எங்கே போய்ப் பிடிப்பது? எங்கள் கடையிலிருந்து மூன்றாவது கடை முகமது ரஃபீக்குடையது. ஆம்பூர்க்காரர், எழுபத்தாறு வயதிலும் மெஷினை விடாதவர். நாங்கள் துணி கொடுப்போம், அவர் தைப்பார். டை பின் செலவில் பாதி அவருடையது. தையல்காரன் அளவு நோட்டைத் தூக்கிப் போட மாட்டான். ஒருத்தன் பத்து வருஷம் கழித்து வந்தாலும் தோளும் கையும் மாறாது, வயிற்றை மட்டும் அளந்தால் போதும். ரஃபீக் பாயிடம் நாற்பது நோட்டு இருந்தது. பெயர், விலாசம், தேதி, மார்பு, இடுப்பு, கால் நீளம். ஓரத்தில் உருதுவில் ஏதோ கிறுக்கல். அது என்ன என்று கேட்டேன். அது தொழில் சமாச்சாரம் என்று நோட்டைத் திருப்பிக்கொண்டார்.

நான்கு நாள் போன் போட்டேன். பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் கனடாவில் இருந்தார், எனக்குக் கல்யாணமே ஞாபகம் இல்லை, டை பின்னுக்கு எங்கே போவது என்றார். போபோடியில் ஒருத்தர், என்னிடம் இருக்கிறது என்றார். ஓடினேன். வாசலிலேயே நிறுத்தி, அது இப்போது இன்டர்நெட்டில் மூவாயிரத்து எண்ணூறு போகிறதாமே, நீ எவ்வளவு தருவாய் என்று கேட்டார். எங்கள் அப்பா சும்மா கொடுத்ததை எனக்கே விலை சொன்னார். நான் அங்கே பேசியதை இங்கே எழுத முடியாது. கடைசியில் அவர் எடுத்துக் காட்டியது வேறு கடையின் டை பின். அதற்குத்தான் அத்தனை பேரம்.

ஐந்தாம் நாள் ரஃபீக் பாய் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். சூர்யநாராயணன், பாதுகாப்புக் கணக்குத் துறை, 1991 மே. இப்போது வானவடியில் இருக்கிறார், பேரனுக்கு உடுப்பு தைக்கக் கொடுத்தார், போன் நம்பர் இருக்கிறது என்றார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

“அவருகிட்டயா போறே? போ, போ. வயிறு நெறய சாப்ட்டுட்டுப் போ.”

ஆக்டிவாவில் கட்கியிலிருந்து வானவடிக்கு முக்கால் மணி நேரம். ஒவ்வொரு சிக்னலிலும் அந்த மீசைக்காரன் படம் கண்முன்னே வந்தது. ஒன்பதாவது மாடி. கதவைத் திறந்தவர் மெலிந்த, உயரமான மனிதர். மடித்துக் கட்டிய வேட்டி, மேலே பனியன். பெயரைச் சொன்னதும் என்னை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“ஜெபமணி பிள்ளையா? வாப்பா. ஒக்காரு. பட்டு, காபி.”

நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது, அவர் இரண்டு முறை கையைக் காட்டி அமர்த்தினார். அவர் மனைவி காபியோடு வந்து, அதுவா, இருக்கே என்று சமையலறைக்குள் திரும்பினார். வெளியே வந்தபோது கையில் ஒரு சேமியா பாக்கெட். அதன் வாயை மடித்து, மடிப்பின் மேல் மாட்டியிருந்தது எங்கள் டை பின். முலாம் போய்ப் பித்தளை தெரிந்தது. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. முப்பத்து மூன்று வருஷமா ஒரு தடவைகூட விட்டுப்போகலை, நன்னா பிடிச்சுக்கும் என்று மாமி சர்ட்டிபிகேட் கொடுத்தார். பிறகு பூஜை அறைப் பக்கமிருந்து சிவப்பு வெல்வெட் டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் ஊக்கு. ஊக்கையெல்லாம் கவிழ்த்தால், மூடியின் உட்பக்கம் சொருகியிருந்த அட்டை. மாப்பிள்ளை சூர்யநாராயணன் அவர்களுக்கு, சாயர் அண்ட் சன்ஸ், 9-5-1991. கீழே ஜெபமணி என்று அப்பாவின் கோணல் கையெழுத்து.

எனக்கு அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ரத்தத்தில் ஊறிய பழக்கம் எங்கே போகும்? ஆசையைக் காட்டக் கூடாது என்று, டப்பாவை மேஜை மேல் வைத்து, கொஞ்சம் தள்ளி, பழசுதான், இருந்தாலும் பரவாயில்லை, உங்களுக்கு ஒரு நல்ல சட்டைத் துணி அனுப்புகிறேன் என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு ஆல்பத்தோடு வந்தார். வரவேற்பில் எடுத்த படம். மாலை, கறுப்புக் கோட்டு, டையில் பளபளவென்று எங்கள் பின். பக்கத்தில் பட்டு மாமி. அவர் விரல் டை பின்னைக் காட்டவில்லை. கீழே இறங்கி, பேன்ட் முடிகிற இடத்தில் நின்றது. பேன்ட்டுக்கும் ஷூவுக்கும் நடுவே நாலு விரல் வெள்ளை சாக்ஸ்.

“மூணேகால் மீட்டர் கேட்டேன். மூணேகாலுக்குக் காசு குடுத்தேன். ரஃபீக் அளந்து பார்த்தா மூணு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். பதிமூணு சென்டிமீட்டர் கொறச்சல். அவன் எங்கேருந்து மடிப்பு விடுவான்? கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கு. வேற துணி வாங்க வழியில்ல. கடைக்கு வந்து கத்தினேன். உங்கப்பா என்ன பண்ணினார் தெரியுமா? டீ சொன்னார். டப்பாவை எடுத்தார். மாப்பிள்ளைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கையில வெச்சு அழுத்தினார். நான் வாயை மூடிண்டு வந்துட்டேன்.”

மாமி சிரித்தார். அந்தப் படத்தைப் பார்க்கிற ஒவ்வொருத்தரும் முதலில் சாக்ஸைத்தான் கேட்கிறார்கள், தன் தங்கைகள் இவருக்கு வைத்த பெயரே சாக்ஸ் அத்திம்பேர் என்றார்.

துணி மழைக்குச் சுருங்கும், டெரிவூல் தண்ணீர் பட்டால் இழுத்துக்கொள்ளும், ரஃபீக் பாய் வெட்டும்போது தப்பு செய்திருப்பார் என்று நான் அடுக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“துணியோட ஒரு முனையை உங்கப்பா பிடிச்சிண்டிருந்தார். இன்னொரு முனையை யார் பிடிச்சிண்டிருந்தா? நீதான். எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு. அப்போ உனக்கு மீசை கறுப்பு.”

எனக்கு ஞாபகம் இல்லை. அப்படி எத்தனையோ முனைகளைப் பிடித்திருக்கிறேன். தெரியாது என்று சத்தியம் செய்தால் கர்த்தர் மன்னிக்க மாட்டார். இரும்பு மீட்டர் கோலின் மேல் துணியை வைக்கும்போது இரண்டு பேரும் இரண்டு பக்கம் மெல்ல இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இழுப்பு. மீட்டருக்கு இரண்டு விரற்கடை மிஞ்சும். கத்தரித்ததும் துணி மூச்சு விட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். பஜார் முழுக்க அப்படித்தான் அளந்தோம். பத்துப் பேரில் ஒருத்தன் திரும்பி வந்து கத்துவான். கத்துகிறவனுக்கு உடனே கொடுக்க ஒன்று கையில் இருக்க வேண்டும். மற்ற ஒன்பது பேருக்கும் கொடுத்தால்தான் அது வாயை அடைக்கிற பொருளாகத் தெரியாது, வாழ்த்தாகத் தெரியும். எல்லா மாப்பிள்ளைக்கும் கொடுத்தார் எங்கள் அப்பா. தாராளமான மனிதர் என்று பெயர் வாங்கினார். சாவுக்கு முந்நூறு பேர் வந்தார்கள்.

நான் கையெழுத்துப் போடுகிறேன், கவலைப்படாதே என்றார் சூர்யநாராயணன். உன் பெயரை எவனோ தூக்கிக்கொண்டு போவது அநியாயம். ஆனால் சத்தியம் என்றால் முழுசாகச் சொல்வேன். அளவு குறைந்தது, வந்து கேட்டது, அதற்குப் பிறகு டை பின் கொடுத்தது எல்லாம் வரும். பாதியை எழுதிப் பாதியை விடுகிற பழக்கம் எனக்கு ஆபீசிலேயே கிடையாது.

லிஃப்டில் இறங்கும்போது எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. சந்துரு மேலா, இந்த மனிதர் மேலா, அப்பா மேலா. மூன்று பேரையும் முறை போட்டு வைதுகொண்டே வண்டியை ஓட்டினேன். வீட்டில் ஜான்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பதிமூணு சென்டிமீட்டருக்கு முப்பத்து மூணு வருஷம் காத்திருக்காரே, பாவம் என்று மட்டும் சொன்னாள். என்னைப் பாவம் என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

நோட்டீஸுக்குப் பதில் போட இரண்டு நாள் இருக்கும்போது நானும் சூர்யநாராயணனும் வைஜயந்தியின் ஆபீசில் உட்கார்ந்தோம். அவள் டைப் செய்து வைத்திருந்ததை வாசித்தாள். நான்காவது பத்தி அதுதான். அதை எடுத்துவிடலாம் என்று நான் சொல்வதற்கு முன்பே அவள் நிமிர்ந்தாள்.

“சார், இந்த நாலாவது பாராதான் உங்களுக்கு உயிர். கடை ஜெபமணியோடதுன்னு இதுல இருக்கு. மகன் கூட நின்னு துணி பிடிச்சாருன்னு இருக்கு. சும்மா அவங்க டை பின் குடுத்தாங்கன்னு யார் வேணா சொல்லலாம். இப்படி ஒரு மனக்கசப்பை யாரும் கற்பனை பண்ண முடியாது.”

நான் சூர்யநாராயணன் பக்கம் திரும்பினேன். பதின்மூன்று என்று எண் போட வேண்டுமா, சிறிதளவு குறைந்தது என்று எழுதலாமே என்றேன். பதின்மூன்று என்றார். சரி, ஐந்து என்று வையுங்கள், யார் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்றேன். பதின்மூன்று. எட்டு? பதின்மூன்று. நான் ஏறிப் பார்த்தேன், இறங்கிப் பார்த்தேன், எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தேன். அவர் மட்டும் ஒரு இடத்தில் நின்றார். இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மகன் துணியைப் பிடித்தார் என்பதையாவது எடுங்கள் என்றேன். கடைசியில் நான் எப்போதும் செய்கிறதைச் செய்தேன். உங்களுக்கும் உங்கள் பேரனுக்கும் ஆளுக்கொரு சூட், இத்தாலி ஃபேப்ரிக், தைத்துக் கொடுக்கிறேன், என் செலவு என்றேன்.

அவர் பேனாவை மூடினார்.

“மறுபடியும் டை பின்னாடா?”

வைஜயந்தி பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் காது சுட்டது. வாயில் வந்த வார்த்தையை விழுங்கினேன். அது தொண்டையில் இன்னும் இருக்கிறது.

போடுங்கள் என்றேன். பதிமூணோட போடுங்க. ஜெபமணி மகன் ஸ்டீபன்னு என் பேரையும் முழுசாப் போடுங்க.

அவர் பொறுமையாக ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து ஆட்டோ பிடித்துக் கொடுக்கப் போனேன். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், அதையும் உன் கையால் வாங்க வேண்டாம் என்று நடந்துவிட்டார்.

பதில் போயிற்று. டை பின்னின் படம், அட்டையின் படம், சாக்ஸ் தெரிகிற கல்யாணப் படம், பதின்மூன்று சென்டிமீட்டர் எல்லாம் சேர்ந்து போயிற்று. நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். கோர்ட்டில் என்ன பேச வேண்டும் என்று ராத்திரி படுக்கையில் ஒத்திகை பார்த்தேன். அந்த மீசைக்காரன் படத்தை ஜட்ஜ் முன்னால் வைத்து, இவர் சாயர்புரத்தில் எந்தத் தெரு என்று கேட்கப் போகிறேன் என்று ஜான்சியிடம் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்து வைஜயந்தி போன் செய்தாள். ஜெயித்துவிட்டோம் சார் என்றாள். அவர்கள் நோட்டீஸை வாபஸ் வாங்கிவிட்டார்கள், பதிவையும் விட்டுக்கொடுக்கிறார்கள், வெப்சைட்டிலிருந்து சாயர் பெயரை எடுத்தாயிற்று. காரணம் கேட்டேன். கடிதத்தை வாசித்தாள். மேற்படி பெயரின் வரலாறு தங்கள் நிறுவனத்தின் மதிப்பீடுகளுக்குப் பொருந்தாததால் அதனுடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்று இருந்தது.

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள்.

போனை வைத்துவிட்டு நான் சந்துருவுக்கு அடித்தேன். எடுத்தான். வணக்கம் சொன்னான். என்னடா பொருந்தவில்லை என்று கேட்டேன். கஸ்டமர்கள் இதெல்லாம் நெட்டில் தோண்டி எடுத்துவிடுவார்கள், அளவில் ஏமாற்றின கடை என்று தெரிந்தால் எங்கள் பிராண்ட் போயிற்று, முதலீடு போட்டவர்கள் பயப்படுகிறார்கள் என்றான். அவன் எழுதின எட்வர்ட் சாயர் பிறக்கவே இல்லை. அந்தப் பொய் பொருந்தியது. எங்கள் அப்பாவின் பதின்மூன்று சென்டிமீட்டர் மட்டும் பொருந்தவில்லை.

நான் கடை வாசலில் நின்று கத்தினேன். தம்பி, இந்தப் பெயரைச் சொன்னால் கட்கியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வருவார்கள் என்றேன். பிரிகேடியர்கள் வந்திருக்கிறார்கள், மூன்று தலைமுறை மாப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், எங்கள் துணி போட்டு ஒரு கல்யாணமாவது முறிந்ததாக நீ காட்டு பார்க்கலாம் என்றேன். துணியின் தரத்தை எவனும் குறை சொன்னதில்லை, சாயம் போனதில்லை, ஒரு பின் கறுத்ததில்லை என்றேன். எதிர்க் கடைக்காரன் வெளியே வந்து பார்த்தான். நான் எதை விற்கிறேன், யாருக்கு விற்கிறேன் என்று எனக்கே பாதியில்தான் உறைத்தது. அப்போதும் நிறுத்த முடியவில்லை. நீ போட்ட விலையே குறைச்சல், ஐயாயிரத்துக்குப் போயிருக்கும் என்றேன்.

அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இல்லீங்க அங்கிள். அந்தப் பேரு எங்களுக்கு வேண்டாங்க. உங்க பேருதானுங்களே, நீங்களே வெச்சுக்கோங்க.”

வைத்துவிட்டான். நான் மறுபடி அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன்.